தகப்பன் கப்பலில், பிள்ளை திருகோணமலையில்: அமெரிக்கப் படைக் குடும்பக் காப்புறுதியில் குழந்தையைப் பதிவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், அம்மா. உவர்மலையில் உங்களோடு வந்து தங்கியிருக்கும் மகளுக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பத்தொன்பது நாட்களுக்கு முன் ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன் அமெரிக்கக் கடற்படையில் இருப்பவர். இப்போது கப்பலில் இருக்கிறார். தொலைபேசியில் பிடிப்பதே கடினம். பிள்ளைக்கு நான்கு மாதம் ஆனதும் மகள் வர்ஜீனியாவுக்குத் திரும்புகிறார். “பிள்ளைக்கும் ட்ரைகேர் கிடைக்க வேண்டுமென்றால் எத்தனை நாளுக்குள் எங்கே பதிய வேண்டும், முப்பத்தொன்று கழிந்த பிறகுதான் பெயர் வைப்போம் என்று இருப்பதால் ஏதும் பிசகுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, பிள்ளையின் உரிமை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, அதைப் பதியவேண்டியவர் யார், ஊரில் இருந்துகொண்டு நீங்கள் செய்யக்கூடியது என்ன என்பவைதான் என்று நினைக்கிறேன்.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் வர்ஜீனியாவின் நோர்போக் நகரில், கடற்படைக் குடும்பங்கள் நாள்தோறும் வந்துபோகும் ஒரு தனியார் மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் வேலைசெய்தேன். ஊர் திரும்பிய பிறகு சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஆகவே இந்தக் காகிதங்கள் இங்கே எழுதப்படுவதையும் பார்த்திருக்கிறேன், அங்கே மேசையில் விரித்து வாசிக்கப்படுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சட்டத்தரணி இல்லை, படை அலுவலரும் இல்லை. மருமகனின் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அலுவலகம் சொல்வதுதான் முடிவு. நான் எழுதுவது அந்த அலுவலகத்தின் முன் நீங்கள் வெறுங்கையோடு நிற்காமல் இருப்பதற்காக.

முதலில், எந்த ஐயமும் இல்லாதவற்றைச் சொல்கிறேன். ட்ரைகேர் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் படையினருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் நடத்தும் மருத்துவத் திட்டம். அதில் பிள்ளைக்கு வரும் உரிமை தகப்பனின் சேவையால் வருவது. ஆகவே அது பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் உரிமை இருப்பது வேறு, அது பதிவேட்டில் தெரிவது வேறு. டீயர்ஸ் என்று அவர்கள் சொல்லும் பதிவேடு ஒன்று இருக்கிறது. யார் எந்தப் படையினரின் மனைவி, யார் எந்தப் படையினரின் பிள்ளை என்பதெல்லாம் அதில்தான் உண்டு. மருத்துவமனை பில் அனுப்பினாலும் மருந்துக்கடைக்காரர் அட்டையைத் தட்டிப் பார்த்தாலும், விடை அந்தப் பதிவேட்டிலிருந்தே வருகிறது. அதில் பிள்ளையின் பெயர் ஏறும்வரை, கணினிக்கு அப்படி ஒரு பிள்ளை இல்லை. பெயர் ஏறியதும் காப்புறுதி பிறந்த நாளுக்கே பின்னோக்கிச் சென்று பொருந்தும். தாய் ஏற்கெனவே பதிவில் இருப்பதால் பிள்ளை தானாகவே சேர்ந்துவிடும் என்று எண்ணி இருந்துவிட்ட குடும்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தாயின் பதிவு பிள்ளையைக் காப்பதில்லை.

பதியவேண்டியவர் உங்கள் மருமகன். அந்தத் திட்டத்தின் மொழியில் அவர்தான் ஸ்பொன்சர். நீங்களோ மகளோ திருகோணமலையில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதைச் செய்ய முடியாது. கச்சேரியிலும் முடியாது, கடற்படைத் தளத்திலும் முடியாது. இங்குள்ள கடற்படை இலங்கைக் கடற்படை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை எழுதக் காரணம், துறைமுக வாசலில் போய் விசாரித்துவிட்டு மனம் சோர்ந்து வந்த ஒரு தகப்பனாரை நான் அறிவேன். டி.டி. 1172-2 என்ற படிவத்தில் ஸ்பொன்சர் கையெழுத்திட்டு, பிறப்பை நிரூபிக்கும் பத்திரத்தோடு, படை அடையாள அட்டை வழங்கும் அலுவலகம் ஒன்றில் கொடுக்க வேண்டும். அவர் நேரில் போக முடியாவிட்டால், நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திட்ட படிவத்தையோ அவர் தந்த அற்றோர்ணித் தத்துவத்தையோ கொண்டு மனைவி அதைச் செய்யலாம். கடலுக்குப் போகும் பலர் புறப்படுமுன் மனைவியின் பெயரில் ஓர் அற்றோர்ணித் தத்துவம் எழுதிவைத்துவிட்டுப் போவது வழக்கம். மகளின் பையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

நாட்கணக்குக்கு வருகிறேன். பிள்ளை பிறப்பதை “தகுதி தரும் வாழ்க்கை நிகழ்வு” என்று அவர்கள் கணக்கிடுவார்கள். பிள்ளையைப் பதிவேட்டில் ஏற்ற, அமெரிக்காவுக்குள் என்றால் 90 நாள், வெளிநாட்டில் என்றால் 120 நாள் என்பது பொதுவிதி. உங்கள் பேரன் வெளிநாட்டில் பிறந்தவன், ஆனால் மருமகனின் வீட்டு விலாசம் வர்ஜீனியா. இப்படி இரண்டு கெடுவில் எது பொருந்தும் என்று வாதிடக்கூடிய இடத்தில், எவரும் என்னிடம் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: 90 நாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். மகள் நான்காம் மாதம் முடியத் திரும்பிப் போய் ஆறுதலாகப் பதியலாம் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றச் சொல்லுங்கள். அந்த நாட்கள் தவறினால் பிள்ளையின் உரிமை பறிபோவதில்லை. ஆனால் எந்தத் திட்டத்தில் வைப்பது என்று தெரிவுசெய்யும் வசதி போய்விடும், பிறகு நவம்பர், டிசம்பரில் வரும் திறந்த காலத்துக்கோ வேறொரு குடும்ப நிகழ்வுக்கோ காத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் மருமகன் முழுநேரச் சேவையில் இருக்கிறார் என்ற எடுகோளில் எழுதியவை. நீங்கள் அதைச் சொல்லவில்லை. கப்பலில் இருக்கிறார் என்பதால் அப்படி எடுத்துக்கொண்டேன். முழுநேரச் சேவையினரின் பிள்ளை பதிவேட்டில் ஏறியதும் தானாகவே ஒரு திட்டத்தில் சேர்க்கப்படும், அதற்குச் சேர்வுக் கட்டணமும் இல்லை. அவர் சேமப்படையினர் என்றால் கதை வேறு: அவர்களுக்குரிய திட்டத்துக்கு மாதக் கட்டணம் உண்டு, பிள்ளையை 90 நாளுக்குள் தனியாக விண்ணப்பித்துச் சேர்க்க வேண்டும், தானாக எதுவும் நடக்காது. இந்த ஒரு கேள்வியை மருமகனிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இனி நீங்கள் ஊரில் செய்யவேண்டியது. அது ஒன்றுதான், ஆனால் மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது: பிறப்புச் சான்றிதழ். பிள்ளை அரசாங்க வைத்தியசாலையில் பிறந்ததால் வைத்தியசாலைக்குரிய பதிவாளரே பதிவார். சட்டப்படி 42 நாளுக்குள் பதிவுக்கான விபரம் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது காலம் கடந்த பதிவாகி, சத்தியக் கடதாசியும் விசாரணையும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அலைச்சலும் என்று நீளும். உங்கள் முப்பத்தொன்றைப் பற்றி நீங்கள் தயக்கத்தோடு கேட்டிருந்தீர்கள். தயங்கத் தேவையில்லை, துடக்குக் கழித்து, நட்சத்திர எழுத்துப் பார்த்துப் பெயர் வைத்த பிறகும் 42 இற்கு 11 நாள் மிச்சம் இருக்கிறது. பெயரில்லாமல் முதலில் பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பெயரைப் பிறகு சேர்க்கும் வழி சட்டத்தில் உண்டு என்றாலும், உங்கள் விடயத்தில் அதைச் செய்யாதீர்கள். பெயரில்லாத பிறப்புச் சான்றிதழை வைத்து அமெரிக்கப் பதிவேட்டில் பிள்ளையை ஏற்ற முடியாது. பிறகு பெயர் சேர்த்த புதிய பிரதி எடுக்கவேண்டி வரும்.

இப்போது, எல்லோரும் விட்டுவிடும் இடத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு முதலெழுத்தாக வரும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, மருமகனின் பெயர் அருள்நேசன் என்றும் அவரது தகப்பனாரின் பெயர் கந்தசாமி என்றும் வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் க. அருள்நேசன். அமெரிக்கக் கடற்படையிலோ அவருடைய குடும்பப் பெயர் கந்தசாமி. சட்டையின் மார்பில் தைத்திருப்பதும் அதுவே. பேரனுக்கு ஆதவன் என்று பெயர் வைத்து, எங்கள் வழக்கப்படி “அருள்நேசன் ஆதவன்” என்று பதிந்தால், அங்கே பிள்ளையின் குடும்பப் பெயர் அருள்நேசன், தகப்பனின் குடும்பப் பெயர் கந்தசாமி, தாயின் குடும்பப் பெயர் மூன்றாவதாக இன்னொன்று. இது குற்றமல்ல, இதனால் உரிமை மறுக்கப்படுவதும் இல்லை; சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறது, அது போதும். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் “இது உங்கள் பிள்ளைதானா” என்ற கேள்விக்கு மகள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நோர்போக்கில் நான் வேலைசெய்த காலத்தில், பெயர்கள் இப்படிப் பொருந்தாததால் பக்கத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட பில்கள் ஒரு தனிக் கூடையாகவே இருந்தன. எந்தப் பெயர் நல்லது என்று சொல்ல நான் ஆளில்லை. அது குடும்பத்தின் முடிவு. முடிவைப் பதிவுக்கு முன் எடுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். பதிந்த பெயரைப் பிறகு மாற்றுவதற்குத் தனி விண்ணப்பமும் தனிக் காலமும் வேண்டும்.

அடுத்தது எழுத்து. திருகோணமலையில் எழுதப்படும் சான்றிதழ் பெரும்பாலும் தமிழில் இருக்கும். அமெரிக்க அலுவலகத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழில் “ஜெயந்தி” என்பது ஒரே ஒரு பெயர். ஆங்கிலத்தில் அதை ஜே-ஈ என்று தொடங்குபவரும் உண்டு, ஜே-ஏ என்று தொடங்குபவரும் உண்டு. சென்ற வருடம் ஒரு தாய் மடியில் பிள்ளையோடு என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். வேறோர் இடத்தில் செய்த மொழிபெயர்ப்பு, முத்திரையும் கையெழுத்தும் ஒழுங்காகவே இருந்தன. அவருடைய கடவுச்சீட்டைத் திறந்து அந்தத் தாளின் மேல் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனோம். தாயின் பெயரில் நான்காம் எழுத்தில் விரல் நின்றுவிட்டது. கடவுச்சீட்டில் ஒற்றை எழுத்து, மொழிபெயர்ப்பில் இரட்டை. அந்த ஓர் எழுத்துக்காக அவருடைய கோப்பு ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருந்தது; ஏழு வாரம் வீணாகியிருந்தது. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது மருமகனின் கடவுச்சீட்டுப் பிரதியையும் மகளின் கடவுச்சீட்டையும் விவாகச் சான்றிதழையும் கொண்டுபோய், பெயர்களை அவற்றில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். திகதியில் மாதத்தை எண்ணால் எழுதாமல் சொல்லால் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் நாளை முதலில் எழுதுகிறோம், அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள், 5 ஆம் மாதம் 8 ஆம் திகதி பிறந்த பிள்ளை அங்கே 8 ஆம் மாதம் 5 ஆம் திகதி பிறந்ததாகிவிடும். சான்றளிக்கப்பட்ட பிரதிகளை ஒன்றுக்கு மூன்றாக எடுத்துவையுங்கள், பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு மறுபடி நடப்பதைவிட அது மலிவு.

பதிவாளரிடம் போகும்போது மகளின் விவாகப் பதிவுச் சான்றிதழை மறக்க வேண்டாம். தகப்பன் நாட்டில் இல்லாத நிலையில், அவருடைய விபரங்கள் சான்றிதழில் சரியாக ஏறுவதற்கு அதுதான் ஆதாரம். அமெரிக்கப் பக்கத்திலும் இது முக்கியம்: இவர்களது விவாகம் டீயர்ஸில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதுமானதாக இருக்கும், விவாகமே இன்னும் பதியப்படவில்லை என்றால் இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும்.

கொழும்பில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். பலர் குடியுரிமையையும் காப்புறுதியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ட்ரைகேருக்குப் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. படையினரின் பிள்ளையாக இருப்பதே போதும். சமூகப் பாதுகாப்பு இலக்கம் கையில் வரும்வரையும் காத்திருக்கத் தேவையில்லை, அது வந்த பிறகு பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மருமகன் அமெரிக்கக் குடிமகன் என்றால், பிள்ளையின் பயணத்துக்காக எப்படியும் தூதரகத்துக்குப் போகத்தான் வேண்டும். அங்கே “வெளிநாட்டில் பிறப்பு பற்றிய கொன்சியூலர் அறிக்கை” என்ற பத்திரத்துக்கு விண்ணப்பிப்பீர்கள். அதற்கு 100 டொலர் கட்டணம். தாய் குடியுரிமை இல்லாதவர் என்றால், தகப்பன் பிள்ளை பிறக்குமுன் அமெரிக்காவில் ஐந்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும், அதில் இரண்டு ஆண்டாவது அவருடைய 14 வயதுக்குப் பிறகாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் நற்பெயரோடு படைச் சேவை செய்த காலமும் இதில் சேரும். அவர் நேரில் வர முடியாததால் டி.எஸ். 5507 என்ற சத்தியக் கூற்றிலும், கடவுச்சீட்டுக்கான சம்மதமாக டி.எஸ். 3053 என்ற படிவத்திலும் நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மருமகனைத் தொடர்பில் பிடிக்கும் நாளில் மூன்று கையெழுத்தையும், அதாவது இந்த இரண்டையும் டி.டி. 1172-2 ஐயும், ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள். கப்பலின் நிர்வாகப் பிரிவிடம் அவர் கேட்டால் வழி சொல்வார்கள்.

அந்தக் கொன்சியூலர் அறிக்கை கிடைத்தால் டீயர்ஸுக்கு அதையே கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை. அப்படியானால் அதற்காகக் காத்திருப்பது நல்லதா என்று கேட்டால், என் அனுபவத்தில் இல்லை என்பேன். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் அளவில் பயணம். தவழாத பிள்ளையோடு, தூதரகம் தரும் நாளில், தகப்பனின் கையெழுத்துக்களும் வந்து சேர்ந்த பிறகுதான் அது நடக்கும். 90 நாள் அதற்குள் ஓடிவிடக்கூடும். பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் கையில் வந்த அன்றே அவற்றை ஸ்கேன் செய்து மருமகனுக்கு அனுப்புங்கள், மூலப்பிரதி ஒன்றைத் தபாலிலும் அனுப்புங்கள். தூதரகப் பாதை தன்போக்கில் பக்கத்தில் நடக்கட்டும்.

இன்னொன்று, செலவு பற்றியது. அரசாங்க வைத்தியசாலையில் பிள்ளை பிறந்ததற்கும், கிளினிக்கில் நிறை பார்ப்பதற்கும், தடுப்பூசிக்கும் நீங்கள் காசு கட்டப்போவதில்லை. ஆகவே இந்த நான்கு மாதத்தில் காப்புறுதி இல்லாமல் பிள்ளை தவிக்கும் என்ற பயம் வேண்டாம். தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், காசை நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு டி.டி. 2642 என்ற படிவத்தில் திருப்பிக் கேட்கவேண்டி வரும். வெளிநாட்டில் பெற்ற சிகிச்சைக்கு மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். அதற்கு மொத்தத் தொகை எழுதிய துண்டு போதாது. வைத்தியசாலையின் பெயர், விலாசம், திகதி, நோய் என்ன, எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில்லும், காசு கட்டியதற்கான பற்றுச்சீட்டும் வேண்டும். பில்லில் “பேபி” என்று மட்டும் எழுதிவிடும் பழக்கம் உண்டு, பெயர் வைத்தாகிவிட்டது என்றால் முழுப்பெயரை எழுதச் சொல்லுங்கள்.

திட்டத் தெரிவிலும் மகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய தளத்தின் அருகே விலாசம் இருந்தால் பிள்ளை பெரும்பாலும் பிரைம் என்ற திட்டத்தில் சேர்க்கப்படும். அதில் அவசர சிகிச்சை எங்கிருந்தாலும் அடங்கும். சாதாரண சிகிச்சைக்கு அங்குள்ள பொறுப்பு மருத்துவரின் அனுமதி வேண்டும். ஆகவே ஊரில் இருக்கும் காலத்தில், காய்ச்சல் தடிமனுக்காகத் தனியாரிடம் கட்டும் காசு திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். ஊரில் நெடுநாள் தங்கும் எண்ணம் இருந்தால் செலெக்ட் என்ற திட்டம் பொருத்தமாக இருக்குமா என்று மருமகன் பதியும்போதே கேட்டுக்கொள்ளலாம். மூன்று நான்கு மாதம்தான் என்றால் பிரைமில் விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். அங்கே போனதும் கைச்செலவு குறைவு.

பதிவு முடிந்ததும் பிள்ளைக்கு அட்டை வரவில்லையே என்று பதற வேண்டாம். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் படை அடையாள அட்டை பொதுவாகக் கொடுப்பதில்லை, தாய் தகப்பனின் அட்டையே செல்லும். ஆனால் மருமகனிடம், பதிவேட்டில் ஏறிய பெயரையும் பிறந்த திகதியையும் திரையில் தெரிகிறபடியே வாசித்துக் காட்டச் சொல்லி, உங்கள் கையில் உள்ள சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். மகள் புறப்படும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கைப்பையில் வைக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி அமெரிக்காவில் வழமையாகப் போடப்படுவதில்லை. பிள்ளையின் கையில் உள்ள தழும்பு என்னவென்று அங்குள்ள மருத்துவர் முதல் நாளே கேட்பார், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.